சீனம் கற்கப் போன இடத்தில்



இவ்வாண்டுச் சாரல் காலத்தில் பிள்ளைகளோடு தென்காசி இல்லத்திற்கு வந்திருந்தோம். ஒரு நாள் காலை குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டுகளோடு பழக்கடை ஒன்றின் முன் நின்றோம். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான் என மலாய் மண்ணின் பழங்கள் நம் மலையடிவாரத்தில் குவிந்து கிடந்தன. எங்கள் இளைய மகள் ஒரு ரம்புட்டானை எடுத்து, "ஹொங்மாவ்தான்" என்றாள்.

"அது என்ன பாசை, பாப்பா?" என்றார் கடைக்காரப் பெரியவர்.

"சீனம், தாத்தா."

மலாய் மொழியில் 'ரம்புட்' என்பது மயிரைக் குறிக்கும். பழத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. சீனரும் சிவந்த மயிர் என்னும் பொருள்படவே அதற்குப் பெயர் சூட்டியுள்ளனர். மகள் இதனை விளக்கக் கேட்ட பெரியவர் சிரித்து, ஒரு பழத்தைக் கூடுதலாகப் பையில் இட்டார்.

உடன் நின்ற அத்தா சிரிக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் மெதுவாகச் சொன்னார்கள்: "எல்லாம் சரிதான். நம்ம எழுத்த வாசிக்க நம்ம வீட்டுல ஆளில்லாமப் போச்சு. நீங்க அடுத்தவுக எழுத்தப் படிச்சுட்டு வந்திருக்கீங்க."

அத்தா எந்த எழுத்தைக் கருதிச் சொன்னார்கள் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது. அதே எழுத்தின் பொருட்டு, சில மாதங்களுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு வகுப்பறையில் நாங்கள் தலைகுனிந்து நின்றிருந்தோம். கணவனும் மனைவியுமாக நாங்கள் சீனம் கற்கச் சென்ற கதையையும், அது எங்களைக் கொண்டுவந்து சேர்த்த இடத்தையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

தென்காசி, கடையநல்லூர் வட்டார முஸ்லிம்களுக்குச் சிங்கப்பூர் புதிய ஊரன்று. தஞ்சோங் பகார் பகுதியில் நம் மக்கள் திரளாக வாழ்ந்தனர். கடையநல்லூர் மக்கள் 1941-இல் அங்குத் தமக்கென முஸ்லிம் லீக் ஒன்றை நிறுவி, 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் தொடங்கினர். எங்கள் பாட்டனார் துறைமுகத்தில் சுமை தூக்கினார். பாட்டி அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார். வாங்க வந்தவர்களுள் சீனப் பெண்களும் இருந்தமையால், காசைக் குறிக்கும் 'லுய்' முதலிய ஹொக்கியன் சொற்கள் சில பாட்டிக்குத் தெரியும். மூன்று தலைமுறை அண்டை வீட்டாராக வாழ்ந்தும், எங்கள் குடும்பம் கற்ற சீனம் விலை பேசும் அளவோடு நின்றுவிட்டது.

தெலுக் ஆயர் தெருவில் நடக்கும்போதெல்லாம் இக்குறை எங்களை உறுத்தும். நம்மவர்கள் எழுப்பிய நாகூர் தர்காவும், 'குச்சுப் பள்ளி' என்று பெரியோர் அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசலும், சீனரின் தியான் ஹொக் கெங் கோயிலும் அங்கே ஒரே தெருவில் நிற்கின்றன. மூன்றுமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வேரூன்றியவை. சுவரோடு சுவராக வாழ்ந்தவரின் மொழியில் நலம் விசாரிக்கவும் தெரியாமலே நம் காலம் போய்விடுமோ என்ற எண்ணமே எங்களைச் சமூக மன்றத்தின் மாலை வகுப்பில் சேர்த்தது.

சேர்வதற்கு முன் எங்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. மொழியோடு பண்டிகையும், பண்டிகையோடு வழிபாடும் வந்து சேருமோ என்பதே அது. எங்களுக்கு அறிமுகமான ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். "சீனா சென்றேனும் கல்வி தேடுங்கள் என்பதைச் சான்றாகக் காட்டாதீர்கள், ஹதீஸ்கலை அறிஞர்கள் அதனை ஏற்பதில்லை. அது இல்லாமலே உங்களுக்குச் சான்று உண்டு" என்றார். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்ததையும், அன்னார் அரை மாதத்திற்குள் அதனைக் கற்றுத் தேர்ந்ததையும் எடுத்துரைத்தார். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்று எனத் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் கூறுவதையும் நினைவூட்டினார். "மொழியும் கலையும் கற்பது வேறு, வணக்கத்தில் பங்குகொள்வது வேறு. எது எது என்று தெரியாத இடத்தில் வாய்திறந்து கேளுங்கள்" என்பதே அவர் தந்த அறிவுரை.

அவ்வறிவுரை பெரிதும் பயன்பட்டது. சீனப் புத்தாண்டை ஒட்டிய கூடலில் எங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை எங்கள் ஆசிரியையிடம் முன்கூட்டியே கூறினோம். ஓய்வுபெற்ற அப்பெண்மணி சற்றும் முகம் சுளிக்கவில்லை. ஊதுபத்தி ஏற்றும் நேரத்தில் நாங்கள் பிள்ளைகளோடு வேறோர் அறையில் காகித விளக்கு செய்துகொண்டிருந்தோம். ஹலால் உணவு தனி மேசையில் காத்திருந்தது. சீனரின் செந்நிற அன்பளிப்பு உறையைப் பார்த்தே மலாய் முஸ்லிம்கள் பெருநாளுக்குப் பச்சை உறை வழங்கும் வழக்கத்தைக் கொண்டனர் என்பதையும் அன்றுதான் பேசிச் சிரித்தோம்.

மொழியோ எங்களை நன்றாகவே பணியவைத்தது. 'மா' என்பதை ஒரு தொனியில் சொன்னால் தாய், மற்றொன்றில் சணல், வேறொன்றில் குதிரை, இன்னொன்றில் திட்டுதல். தாயை அழைப்பதாக எண்ணிப் பலமுறை குதிரையை அழைத்தோம். ஒரே ஓர் இடத்தில் தமிழ் கைகொடுத்தது. நாவை மடித்து எழுப்பும் ஒரு சீன ஒலியில் மற்றவர்கள் திணறியபோது, நம் ழகரம் எங்களை அதன் அருகில் கொண்டுபோய் விட்டது.

கற்ற மாண்டரினை எங்கள் மாடியில் வசிக்கும் சீன மூதாட்டியிடம் பேசிப் பார்த்தோம். அவர் பேசுவதோ ஹொக்கியன்! எங்கள் ஆறு மாத உழைப்பு அவருக்கு விளங்கவில்லை. அப்போது பாட்டியின் சந்தைச் சொல் ஒன்று நினைவிற்கு வந்தது: "ஜியா பா புவே?" சாப்பிட்டாயிற்றா என்று பொருள். அவர் முகம் மலர்ந்தது. தென்காசித் தெருக்களில் ஒருவரையொருவர் கண்டதும் கேட்கும் அதே கேள்விதான். மறுநாள் ஆரஞ்சுப் பழங்களோடு எங்கள் கதவைத் தட்டினார்.

யோசித்துப் பார்த்தால், சீனம் நம் அடுக்களைக்கு வந்து வெகுகாலமாயிற்று. நாம் சீனி என்கிறோம், சீனச்சட்டி என்கிறோம். தேநீரைக் குறிக்க நம் ஊரில் வழங்கும் 'டீ', 'சாயா' என்னும் இரு சொற்களுமே சீனத்தில் பிறந்தவை. 'தே' என்பது ஹொக்கியன் பேசும் கடற்கரை மக்களின் சொல். 'சா' என்பது பிற சீன வட்டாரங்களின் சொல். கடலும் தரையுமாக வெவ்வேறு வழிகளில் உலகைச் சுற்றி வந்த இரண்டும் நம் ஊர்த் தேநீர்க் கடையில் சந்தித்துக்கொள்கின்றன.

எங்களைத் தலைகுனிய வைத்தது எழுத்துக்கலை வகுப்பு. தூரிகை, மை, தாள், மைக்கல் ஆகிய நான்கையும் சீனர் எழுதுவோனின் செல்வங்களாகப் போற்றுகின்றனர். நிலைபேற்றைக் குறிக்கும் 'யொங்' என்னும் ஓர் எழுத்தில் எட்டு அடிப்படைக் கோடுகளும் அடங்கியிருப்பதால், அதையே வாரக்கணக்கில் எழுதினோம். ஒருநாள் ஆசிரியை சீன முஸ்லிம்களின் எழுத்துக்கலைப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். சீனத் தூரிகையின் வளைவுகளில் அரபி எழுத்துகள்! பள்ளிவாசலைச் சீனர் 'சிங்ச்சென்சி' என்பர். தூய்மையும் மெய்ம்மையும் உடைய இல்லம் என்று பொருள். ஹலால் உணவகங்களின் பலகையிலும் அந்தச் 'சிங்ச்சென்' என்னும் சொல்லே இருக்கும்.

அடுத்து அவர் காட்டியது 'சியாவ்அர்சிங்'. அரபி எழுத்தில் எழுதப்பட்ட சீன மொழி அது. ஓதுவதற்கு அரபி எழுத்தைக் கற்றிருந்தும் சீன எழுத்துகளை அறியாத முஸ்லிம்கள், தம் தாய்மொழியை இவ்வாறு எழுதினர். அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புதிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டனர்.

"எங்களிடமும் இப்படி ஒன்று உண்டு!" என்று ஆர்வத்தோடு கூறினோம். ப, ட, ண, ள முதலிய ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளி சேர்த்து நம் முன்னோர் வளர்த்த அரபுத்தமிழைப் பற்றிச் சொன்னோம். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றியதையும், நம் பெண்கள் வீட்டிலிருந்தே அவற்றைப் படித்து மார்க்கம் அறிந்ததையும் விவரித்தோம். ஆசிரியை மகிழ்ந்து, தூரிகையை எங்களிடம் நீட்டினார். "ஒரு வரி எழுதிக் காட்டுங்களேன்."

எங்களால் இயலவில்லை. ஓர் எழுத்தும் எங்களுக்குத் தெரியாது. பிறர் எழுத்தின் எட்டுக் கோடுகளை மாதக்கணக்கில் பயின்ற கைகள், பாட்டியின் எழுத்தின் முன் வெறுமனே நின்றன.

எனவே, குற்றாலத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, பரண்மேல் இருந்த பாட்டியின் தகரப் பெட்டியை இறக்கினோம். பழுப்பேறிய அரபுத்தமிழ் நூல் ஒன்று அதில் இருந்தது. முதல் ஏடுகள் சிதைந்துவிட்டதால் நூலின் பெயரும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. அத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினார்கள். சிறுவயதில் தாயிடம் கற்றது. நான்கு வரிகளுக்குப் பின் ஓர் எழுத்தில் தடுமாறி நின்றார்கள். "உம்மா இருந்தா சொல்லியிருப்பாக" என்றார்கள். ஒளுவின் சட்டங்களைக் கூறும் பகுதி அது என்று மட்டும் விளங்கியது.

மறுநாள் முதல், மஃரிபுக்குப் பின் நாள்தோறும் அரைமணி நேரம் அத்தா ஆசிரியர். நாங்களும் பிள்ளைகளும் மாணவர்கள். மகள் தன் சீனத் தூரிகையாலேயே அரபுத்தமிழ் ணகரத்தை எழுதினாள். விடுமுறை முடிவதற்குள் பதினொரு பக்கங்கள் ஆயின. மீதத்தைப் படம் பிடித்து எடுத்து வந்துள்ளோம். வார இறுதியில் அத்தா தொலைபேசியில் வாசிக்கிறார்கள், நாங்கள் தமிழில் எழுதிக்கொள்கிறோம். அத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு. எங்கள் குடும்பத்தில் இவ்வெழுத்தை அறிந்தவர் அவர்கள் ஒருவரே.

சீன வகுப்பை நாங்கள் நிறுத்தவில்லை. மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என அல்ஹுஜுராத் அத்தியாயம் கூறுகிறது. அண்டை வீட்டாரை அறியப் போன இடத்தில், அவர்கள் எங்களையும் அறிய விரும்பினார்கள். சொல்வதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் அத்தகைய நூல் ஒன்று இருக்கக்கூடும். அதனை வாசிக்கத் தெரிந்த பெரியவர் இன்னும் உங்களோடு இருந்தால், இன்றே அவர் அருகில் சென்று அமருங்கள்.

நம் பெரியோருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நல்ல உடல்நலத்தையும் தருவானாக. பயனுள்ள கல்வியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.