பத்தாம் லெவலில் முளைக்கும் சிறகு

தலவாக்கலை டவுனில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒடுங்கலான படிக்கட்டில் ஏறிப்போனால் ஒரு கொமினிகேசன் இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கூண்டுக்குள் டெலிபோன், அதற்குப் பக்கத்தில் போட்டோகொப்பி மெசின். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன மகளோடும் தங்கச்சியோடும் கதைக்க வந்த தோட்டத்துச் சனம் அங்கே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் திரைச்சீலைக்கு அப்பால்தான் எங்கள் உலகம்: மூன்று கம்ப்யூட்டர்கள், மணித்தியாலக் கணக்கில் வாடகை. 2006, 2007 காலம் அது. சம்பளம் போட்ட சனிக்கிழமைகளில் அம்மா சாமான் வாங்க டவுனுக்கு இறங்கும்போது அண்ணனும் நானும் கூடவே போவோம். அண்ணன் ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கட்டுவான். அதில் கடைசிக் கால் மணித்தியாலம் எனக்கு.

நாங்கள் விளையாடியது போக்கிமோன் ஃபயர் ரெட். அது ஓட வேண்டிய கேம்பாய் என்ற கருவியை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. விஷுவல்பாய் அட்வான்ஸ் என்ற மென்பொருளில் அந்த விளையாட்டு ஓடும். ஷிப்டை அமுக்கிக்கொண்டு எஃப் 1 முதல் எஃப் 10 வரை எதையாவது தட்டினால் விளையாடிய இடம் அப்படியே அந்த எண்ணில் பதிந்துவிடும். அண்ணனுடையது எஃப் 3, என்னுடையது எஃப் 4. அடுத்தவன் எண்ணில் கை வைக்கக்கூடாது என்பது அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் எல்லோரும் மதித்த சட்டம். கடைக்காரர் இடைக்கிடை எட்டிப்பார்த்து, "ஸ்பேஸ் பட்டன உடைச்சிராதீங்க புள்ளைகளா" என்பார். அதை அமுக்கிப் பிடித்தால் விளையாட்டு பல மடங்கு வேகமாக ஓடும். நேரம் குறைவான பிள்ளைகளின் விரல் வேறெங்கே போகும்?

தொடக்கத்தில் மூன்று பிராணிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். நான் எடுத்தது சார்மண்டர். மார்கழிப் பனியில் காம்பராவுக்குள் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்து வளர்ந்த பிள்ளைக்கு வாலில் நெருப்பெரிகிற பிராணியை விட்டுவிட மனம் வராது. ஆனால் முன்னேற வேண்டுமென்றால் ஜிம் என்ற சண்டைக்கூடங்களை ஒவ்வொன்றாக வெல்ல வேண்டும்; முதல் ஜிம்மில் இருப்பவன் ப்ராக். அவனிடம் இருப்பவை எல்லாம் கல் வகை; கல்லிடம் நெருப்புப் பலிக்காது. அந்த ஜிம்முக்குப் போகிற வழியில் விரிடியன் காடு. அங்கே உயரமான புல்லுக்குள் கேட்டர்பி என்ற பச்சைப் புழுவும் வீடில் என்ற முள்புழுவும் கிடைக்கும். டவுன் பையன்கள் அவற்றைத் தொடவே மாட்டார்கள். அந்தக் காட்டில் அபூர்வமாக வருகிற பிகாச்சுவுக்காக நேரத்தைக் கரைப்பார்கள். பூச்சி வகை என்றால் சின்னப் பிள்ளைகள் பிடிப்பது, பெட்டியில் போட்டு மறந்துவிடுவது. விளையாட்டுக்குள்ளேயே பூச்சி பிடிக்கும் பையன்கள் வலையோடு நின்று, யார் வந்தாலும் தோற்றுப்போவார்கள்.

நான் அந்தப் பச்சைப் புழுவைப் பிடித்தேன், வளர்த்தேன். இன்றைக்கும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். காரணம் கணக்கில் இருக்கிறது. கேட்டர்பி லெவல் 7இல் மெட்டபாட் என்ற கூட்டுப்புழுவாகும், 10இல் பட்டர்ஃப்ரீ என்ற வண்ணத்துப்பூச்சியாகும். லெவல் 10க்குத் தேவையான மொத்த அனுபவப் புள்ளி 1,000. எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற டிராகோனைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிராட்டினி என்ற குட்டி லெவல் 30இல் ஒருமுறை மாறி, 55இல்தான் டிராகோனைட் ஆகும். அதற்கு 2,07,968 புள்ளி வேண்டும். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருப்பவனுக்கு அது பெரிய விசயமில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதிலும் கால் மணித்தியாலம் கிடைக்கிற பிள்ளைக்கு டிராகோனைட் என்பது வராத பஸ். பூச்சி வகை எங்களைப் போன்றவர்களைக் காக்க வைக்காது. சீக்கிரம் வளர்ந்து, உள்ளதையெல்லாம் சீக்கிரம் தந்துவிடும்.

இடையில் ஒரு கஷ்டம் உண்டு. மெட்டபாட்டாக மாறும்போது அது கற்பது உடம்பை இறுக்கிக்கொள்கிற வித்தை ஒன்றைத்தான். அதை வைத்துத் தனியாகச் சண்டை பிடித்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் அதை முன்னால் விட்டு, உடனே உள்ளே இழுத்துச் சார்மண்டரை இறக்கி எதிரியை வீழ்த்த வேண்டும். கிடைக்கிற அனுபவத்தில் பாதி மெட்டபாட்டுக்கும் போகும். அண்ணன் பின்னால் நின்று பொறுமையிழப்பான். "இந்தப் புழுவ வச்சிக்கிட்டு என்னத்தடி செய்யப் போற? சார்மண்டருக்கு பதிமூணு ஆகட்டும், மெட்டல் கிளா வந்துரும், அதுல அடி." அவன் சொன்னதும் வழிதான். எனக்கு அந்தக் கூடு உடைவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

பட்டர்ஃப்ரீ பிறந்தவுடனே கன்ஃபியூசன் என்ற மனத்தாக்குதலைக் கற்றுக்கொள்ளும். 13இல் நச்சுப்பொடி, 14இல் மரக்கவைக்கும் பொடி, 15இல் தூக்கப்பொடி. நான் 15 வரைக்கும் காட்டை விட்டு வெளியே வரவில்லை. ப்ராக்கின் பெரிய பிராணி ஓனிக்ஸ், கல்லாலான பாம்பு. அதன் தடுப்பு 160. கையால், பல்லால் அடித்து அதைச் சாய்ப்பது லேசில்லை. மனத்தாக்குதலைத் தாங்குகிற சிறப்புத் தடுப்போ வெறும் 45. அதே ஓனிக்ஸ் ராக் டூம் என்ற கல்லடியை ஒருமுறை சரியாகப் போட்டால் பட்டர்ஃப்ரீயின் கதை முடிந்தது, ஏனென்றால் பூச்சியும் பறவையும் கலந்த அதற்குக் கல்லடி நாலு மடங்கு விழும். முதலில் ஜியோடூட் வந்தது, இரண்டு கன்ஃபியூசனில் சரிந்தது. அடுத்து ஓனிக்ஸ். என் பட்டர்ஃப்ரீ முந்திக்கொண்டு பொடியைத் தூவியது. திரையில் ஓனிக்ஸ் தூங்கிவிட்டது என்று வந்ததும் அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மூன்று அடி. அது விழித்தெழுவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்குப் பூச்சிகளை மட்டமாக நினைக்க வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் தேயிலை மலையில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிற நிரையில் பாடசாலை விடுமுறைக்குக் கூடவே நிற்பேன். சில செடிகளில் இரண்டு இலை ஒன்றோடொன்று நூலால் ஒட்டியிருக்கும். அம்மா பெருவிரலால் அதைப் பிரித்துக் காட்டுவார். உள்ளே மெல்லிய பச்சைப் புழு. வெளிச்சம் பட்டதும் அது பின்பக்கமாகத் துடித்து நெளிந்து, இலையின் விளிம்பிலிருந்து ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கித் தொங்கும். கேட்டர்பி திரையில் நூலைத் துப்புவதைப் பார்த்தபோது எனக்கு அது கார்ட்டூனாகத் தெரியவில்லை, தெரிந்த ஆள் மாதிரி இருந்தது.

எங்கள் லயத்துப் பெரியப்பா ஒருவர் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் சென்கூம்ஸ் தோட்டத்தில் வேலை செய்தவர். ஒருநாள் நான் பிரித்த இலைக்குள் புழு செத்துச் சுருங்கியிருந்தது, அதன் பக்கத்தில் கூட்டமாகச் சின்னஞ்சிறு கூடுகள். நசுக்கப் போன என் கையை அவர் தடுத்தார். "அது நம்ம குளவி தாயி. அது இல்லைன்னா இந்த மலையில கொழுந்து இல்ல. செடியிலேயே விட்டுரு."

பிறகு, வளர்ந்து படித்தபோது, அவர் சொன்னதன் முழுக் கதையும் கிடைத்தது. இலையைச் சுருட்டுகிற அந்தப் புழு ஹோமோனா கொஃபியேரியா. மலைநாட்டுத் தோட்டங்களைப் பெரும்பாடு படுத்திய பூச்சி. 1935, 36 வாக்கில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். ஒரு முட்டையே பிளந்து பிளந்து பல குஞ்சுகளாகப் பெருகும். மருந்தில்லாமல் அந்தப் புழு அடங்கியது. பின்னால் தண்டைத் துளைக்கிற வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தபோது குளவியும் சேர்ந்து செத்தது, இலைச்சுருட்டி மறுபடி தலைதூக்கியது. உலகத்தில் பூச்சியைக் கொண்டே பூச்சியை வென்ற நல்ல உதாரணங்களில் ஒன்று எங்கள் காலடியில், அம்மா நிற்கிற நிரையில் நடந்திருக்கிறது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சி ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பயிரைத் தாங்கியிருக்கிறது என்றால் பூச்சி வகை பலவீனம் என்று யார் சொல்வதை நான் நம்புவது?

மற்றக் குளவியும் உண்டு. கொழுந்து மலையில் மரத்துக் கூடு கலைந்தால் சனம் கூடையை அப்படியே போட்டுவிட்டுப் படங்கைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடும். அப்படி ஓடமுடியாமல் விழுந்தவர்களை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். குளவிக் கொட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துச் செய்தி கேட்கிறவர்களுக்கு இது புதிதில்லை. அதனால் வீடில் லெவல் 10இல் பீட்ரில் என்ற கொடுக்குக் குளவியானபோது டவுன் பையன்கள் சிரித்தார்கள், நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

இந்த விளையாட்டை உருவாக்கிய சதோஷி தஜிரியும் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவன்தான். டோக்கியோவுக்கு வெளியே மச்சிதாவில் வளர்ந்தவர். கூட்டாளிகள் அவரைப் பூச்சி டாக்டர் என்று கூப்பிட்டார்களாம். குளங்களும் வயல்களும் கட்டடங்களாகி, பூச்சிகள் காணாமல் போன பிறகு, அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கும் அந்தத் தேடும் சந்தோசம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். இரண்டு கேம்பாய்களை இணைக்கிற வயரைப் பார்த்தபோது, அதற்குள்ளால் பூச்சிகள் ஊர்ந்து போவதுபோல அவருக்குத் தோன்றியது. 1996இல் ஜப்பானில் வெளியான முதல் விளையாட்டு அப்படி உருவானது. பூச்சி பிடிக்கும் ஆசையில் பிறந்த விளையாட்டில் 151 பிராணிகளில் 12தான் பூச்சி வகை, அவற்றுக்குக் கொடுத்த தாக்குதல்களும் சோனியானவை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

குறைகள் உண்மை. நெருப்பு, பறவை, கல் மூன்றுமே பூச்சியை வாட்டும். ஃபயர் ரெட்டில் உள்ள 17 வகைகளில் 6 வகை பூச்சித் தாக்குதலைப் பாதியாகத் தாங்கிக்கொள்ளும். பின்னால் வந்த ஸ்கிசர், ஹெராக்ராஸ், வோல்கரோனா ஆகியவற்றைக் காட்டிப் பூச்சி வகையும் வலியதே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதம் எனக்கு வேண்டாம். அவை எந்த வகையில் பிறந்திருந்தாலும் வலியவை. நான் பேசுவது கூட்டிலிருந்து வந்த அந்தச் சாதாரண பட்டர்ஃப்ரீக்காக. ஃபயர் ரெட்டில் அதன் எல்லாத் திறன்களையும் கூட்டினாலும் 385தான். ஆனால் அதன் கூட்டுக்கண் என்ற இயல்பு அதன் குறியை முப்பது வீதம் கூட்டும். நூற்றுக்கு 75 தடவை பலிக்கிற தூக்கப்பொடி அதன் கையில் 97.5 ஆகிவிடும். எரிக்காவின் ஜிம்மில் புல் வகைப் பிராணிகளின் அடி அதன்மேல் கால்வாசிதான் விழும். அங்கே நச்சும் கலந்த இரண்டையும் அதன் கன்ஃபியூசன் இரட்டிப்பாக அடிக்கும். எனக்கு வேறெதையும் இறக்க வேண்டி வரவில்லை.

தூங்குகிற பிராணியைப் பந்தெறிந்து பிடிப்பது இரண்டு மடங்கு சுலபம். இதுதான் அண்ணனை மடக்கியது. வழியை மறித்துப் படுத்திருக்கும் ஸ்நோர்லாக்ஸை எழுப்பி அவன் எத்தனையோ பந்து எறிந்து பார்த்தான். ஒன்றில் பந்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும், இல்லாவிட்டால் இவன் அடித்த அடியில் மயங்கிவிடும். எஃப் 3ஐத் தட்டித் திரும்பத் திரும்பப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தான். என் முறை வந்தபோது நான் பொடியைத் தூவி, உயிரைக் கொஞ்சம் குறைத்துப் பந்தை எறிந்தேன். பந்து மூன்று தடவை ஆடி நின்றது.

அடுத்த சம்பளச் சனிக்கிழமை அண்ணன் தன் பெரிய பிராணிகளோடு டிக்லட் குகைக்குள் நுழைந்து, மறுபக்கம் மரத்தை வெட்டி, விரிடியன் காட்டுக்குத் திரும்பிப் போனான். "எந்தப் பக்கத்துப் புல்லுல பாப்பா?" என்று கேட்டான். நான் காட்டினேன். கேட்டர்பி அகப்பட்டது. கடைக்காரர் நேரம் முடிந்ததென்று சொல்லும்போது அது மெட்டபாட்டாகி லெவல் 9இல் நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தான், சட்டைப் பையில் கொத்துரொட்டிக்கென்று வைத்திருந்த காசை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டி இன்னும் அரை மணித்தியாலம் கேட்டான்.