பெங்களூரில் பத்தியம்

பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் இந்நாளில் பெரிதும் பேசப்படுவது நீரிழிவு நோயாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே அரிசியையும் சர்க்கரையையும் குறைத்துக் காய்கறி, கீரை, முட்டை, மீன் முதலியவற்றை மிகுத்துக்கொள்ளும் பத்தியத்தைப் பலர் ஆண்டுக்கணக்கில் மேற்கொண்டு வருகின்றனர். முறை பழையதுதான். இலண்டன் மாநகரத்து வில்லியம் பான்டிங் என்பவர், இத்தகைய உணவினால் தம் உடல் மெலிந்த வரலாற்றை 1863-ஆம் ஆண்டிலேயே சிறு நூலாக வெளியிட்டார். ஆனால் பெங்களூரில் இருந்துகொண்டு அதனைக் காப்பது எளிதன்று.

ஐயமுள்ளோர் ஒரு நாள் லால்பாக்கிலிருந்து பசவனகுடி வரை நடந்து பார்க்கலாம். 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டம் இன்று 240 ஏக்கர் பரப்புடையது. விடியற்காலையில் அங்கே மருத்துவர் சொற்படி விரைந்து நடப்போர் பலரைக் காணலாம். தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் சோதனை தொடங்கிவிடுகிறது. அருகிலேயே 1924-ஆம் ஆண்டில் தோன்றிய மாவள்ளி டிபன் ரூம்ஸ் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிப் பஞ்சம் நேர்ந்தபோது ரவையில் இட்டலி செய்தவர்கள் இவர்களே என்பர். அரிசிக்குப் பதில் ரவை வந்தாலும் மாவுச்சத்து விட்டபாடில்லை!

சிறிது தொலைவில் விசுவேசுவரபுரத்துத் தின்பண்டத் தெரு. மாலையானதும் தோசைக் கல்லின் ஓசையும் நெய்யில் புரளும் ஹோளிகேயின் மணமும் வழிப்போக்கரை நிறுத்தும். ஹோளிகே என்பது நம் போளிதான். அவரைப் பருவம் வந்துவிட்டால் அவரைப் பருப்பு இட்ட தோசையும் உப்புமாவும் ஜிலேபியும்கூட உண்டு. காந்தி பஜாரில், 1943-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் வித்யார்த்தி பவனில், மொறுமொறுப்பான மசாலை தோசைக்காக மக்கள் காத்து நிற்கின்றனர். பெரிய நந்தி கோயிலை அடைந்தால், கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையில் நிலக்கடலைத் திருவிழா. கடலை பத்தியத்திற்குப் பெரும்பாலும் ஒத்தது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு, மாவுச்சத்து ஆறில் ஒரு பங்கேயாகும். ஆனால் பக்கத்துக் கடையிலேயே பொரியும் கடலைமிட்டாயும் பஜ்ஜியும் குவிந்து கிடக்கின்றன.

கேழ்வரகைக் குறித்தும் ஒரு சொல். களி எவ்வளவு உண்டாலும் கேடில்லை என நம்மவர் சிலர் எண்ணுகின்றனர். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உயர்வு என்பது மெய்யே. எனினும் 100 கிராம் மாவில் மாவுச்சத்து ஏறக்குறைய 70 கிராம் உண்டு. இவ்வூர்ச் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆண்டு முழுவதும் இத்தகைய ஊரில் வாழ்வோர்க்குப் பத்தியம் என்றேனும் முறியத்தான் செய்யும். முறிந்தால் நேர்வது என்ன? மாவுச்சத்தின் ஒரு பகுதியை ஈரலும் தசையும் சேமித்து வைக்கின்றன. அச்சேமிப்பு ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைக்கும். மறுநாள் எடைப்பொறி ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால், அதில் பெரும்பகுதி நீரேயன்றிக் கொழுப்பன்று. பத்தியத்திற்குத் திரும்பினால் சில நாட்களில் அது நீங்கிவிடும்.

உடல் மன்னிப்பதை மனம் மன்னிப்பதில்லை. 1975-ஆம் ஆண்டில் ஹெர்மன், மாக் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், உணவில் கட்டுப்பாடு உடையோர் சிலருக்கு முதலில் இனிப்புப் பால் பானம் கொடுத்துப் பின் ஐஸ்கிரீமை முன்வைத்தனர். பானம் அருந்தியவர்கள், அருந்தாதவர்களைவிட மிகுதியாக ஐஸ்கிரீம் உண்டனர். ‘முறிந்தது முறிந்ததே, இனி என்ன?’ என்ற எண்ணமே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

நாம் பணியாற்றும் இரயில்வே அலுவலகத்தில் மூத்த நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் பத்தியம் காத்தார். மகள் திருமணத்தில் மூன்று நாள் விருந்து உண்டார். அதன்பின் பத்தியத்தையும் காலை நடையையும் இரத்தப் பரிசோதனையையும் ஒருங்கே கைவிட்டார். ஓராண்டு கழித்துப் பார்வை மங்கியபின் மருத்துவரை நாடியபோது, கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுற்றிருந்தன. அந்த மூன்று நாளை மட்டும் நொந்து பயனில்லை. பின்வந்த ஓராண்டன்றோ பெருங்கேடு!

ஆகவே, முறிந்த பத்தியத்தை அடுத்த வேளையிலேயே மீண்டும் தொடங்குவதே அறிவுடைமை. மறுநாள் பட்டினி கிடந்து ஈடு செய்ய முற்படலாகாது. இன்சுலின் போடுவோரும் சிலவகை மாத்திரை உண்போரும் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழும். மருந்தின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும். விருந்துக்குச் செல்வோர் முதலில் காய்கறியையும் பருப்பையும் உண்டு, சோற்றைக் கடைசியில் சிறிதளவு கொள்ளலாம். உண்டபின் சற்று உலாவுவதும் நலம்.

இல்லத்தரசியர்க்கும் ஒரு வேண்டுகோள். அயலூரில் வாழும் நமக்கு விருந்தினர் வருகையே பெருமகிழ்ச்சி. ஆயினும் ‘இன்று ஒரு நாள்தானே’ என்று இலையில் மீண்டும் மீண்டும் இடாதீர்கள். அவ்வாறு ஒரு நாள் ஒவ்வொரு வீட்டிலும் வந்தால், அவருக்கு ஆண்டில் பத்திய நாள் எத்தனை எஞ்சும்?