பத்து மில்லிமீட்டர்

என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவர் ஒருவர் இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளராகப் பணிபுரிகின்றார். சென்ற ஆண்டு அவர் பழைய போர்ஷே 911 கார் ஒன்றை வாங்கினார். 1997-ஆம் ஆண்டில் அறிமுகமான 996 வகையைச் சேர்ந்தது அது. "ஐயா, ஒருமுறை ஏறி வரவேண்டும்" என்று அன்புடன் அழைத்தார். ஒரு ஞாயிறு காலையில் புறப்பட்டோம். பின்னிருக்கையில் அவருடைய சின்ன மகள் அமர்ந்திருந்தாள்.

1985-இல் திறக்கப்பெற்ற பினாங்குப் பாலத்தில் கார் ஏறியது. பாதித் தொலைவு சென்றதும் பின்புறத்திலிருந்து ஓர் அதிர்வு எழுந்தது. "பாலத்தின் இணைப்புகளாக இருக்கும், ஐயா" என்றார். பிறையை அடைந்த பின்னரும் அதிர்வு அடங்கவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

அப்போதுதான் செய்தி வெளிவந்தது. முந்திய வாரம் ஒரு பட்டறையில் பின்சக்கரங்களுக்கு ஸ்பேசர் எனும் இடைத்தகடு பொருத்தியிருக்கின்றார். ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் தடிமன். இரண்டும் சேர்ந்து சக்கரங்களுக்கிடையே 20 மில்லிமீட்டர் அகலத்தைக் கூட்டும். கார் தரையில் அகன்று நிற்கும், வளைவுகளில் நிலைப்பு மிகும், தோற்றமும் மிடுக்காகும். இது குற்றமன்று. போர்ஷே நிறுவனமே 5 மில்லிமீட்டர் இடைத்தகட்டை நீண்ட மரையாணிகளுடன் வழங்கியதுண்டு.

அந்த நீண்ட மரையாணிகள்தாம் இங்கே இல்லை. பழையவற்றையே முடுக்கியிருந்தார்கள். மரையின் ஒரு சுற்று 1.5 மில்லிமீட்டர்; பத்து மில்லிமீட்டர் தகடு ஆறு சுற்றுகளுக்கு மேல் விழுங்கிவிடும். அவர் ஓர் ஆணியைத் தளர்த்திக் கையால் சுழற்றினார். நான் எண்ணினேன். நான்காவது சுற்றில் அது கையோடு வந்துவிட்டது. குழந்தை சன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

இழுவை வண்டியை வரவழைத்துத் திரும்பினோம். சக்கரத்தைக் கழற்றியபோது இன்னொரு குறையும் தெரிந்தது. தகட்டின் நடுத்துளை அச்சுக்குடத்தின் 71.6 மில்லிமீட்டர் விட்டத்தோடு பொருந்தாமல் பெரிதாக இருந்தது. நடுவம் விலகிய சக்கரம் அதிராமல் என்ன செய்யும்? பின்னர் அவர் அளவு பொருந்திய தகடுகளையும் பத்து மில்லிமீட்டர் நீண்ட மரையாணிகளையும் வாங்கி, 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு முடுக்கி, சிறிது தொலைவு ஓட்டியபின் மீண்டும் சரிபார்த்தார். சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் நெம்புகோல்போல் பேரிங்கின்மேல் சுமை கூடுமென்பதையும் அறிந்துகொண்டார்.

பட்டறைக்காரரைக் குறைகூற எனக்கு வாய் எழவில்லை. எளிய இயந்திரங்கள் என்ற பாடத்தில் நெம்புகோலையும் திருகையும் அந்த மாணவருக்குக் கற்பித்தவன் நான். இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பித்தார். முழு மதிப்பெண் இட்டேன். "இந்த ஆணி எத்தனை சுற்றில் பிடித்திருக்கிறது?" என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் ஊட்டவில்லை. தேர்வுத் தாளில் அந்தக் கேள்வி வருவதில்லையே என்று இருந்துவிட்டேன்.

இப்பொழுது என் மேசையில் அந்தப் பழைய மரையாணிகளுள் ஒன்று இருக்கின்றது. திருகுப் பாடம் வரும் நாளில் அதை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். வரையறையைப் பிறகு சொல்லலாம். முதலில் பிள்ளைகள் சுற்றுகளை எண்ணட்டும்.