புரிந்து ஓதியவர்

ஜூன் 4

பார்சிக் குருவும் அறிஞருமான மானெக்ஜி நசர்வான்ஜி தாலாவின் தன்வரலாற்றைப் படித்து முடித்தேன். 1942-இல் குஜராத்தியில் எழுதியது. என்னிடம் இருப்பது 1975-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு. சூரத்தில் 1875-இல் குருமார் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே கராச்சிக்குப் போனவர்.

ஜொராஸ்திரிய சமயத்தவரான பார்சிகளின் குரு தீயின் முன் நிற்கும்போது வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் மூடிக்கொள்வார். மூச்சுக்காற்றுகூட தீயின்மேல் படக்கூடாது. அத்தனை பக்தியோடு ஓதும் மந்திரங்களைக் குருமார் வீட்டுப் பையன்கள் பொருள் தெரியாமலே நெட்டுருப் போடுவார்கள். யஸ்னா என்னும் வழிபாட்டு நூல் மட்டுமே 72 அதிகாரங்கள்.

ஜூன் 6

காலை முழுக்க எழுத்து அட்டவணைகளோடு போயிற்று. அவர்கள் மறைநூலான அவெஸ்தாவின் எழுத்து, ஓதும் ஒலி இம்மியும் பிசகக்கூடாது என்று சாசானியர் காலத்தில் வகுத்தது. குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. இடைக்காலப் பாரசீகத்துக்கான பஹ்லவி எழுத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரே கோடு ன, வ, ர என எதுவாகவும் இருக்கலாம். மொழி முன்பே தெரிந்திருந்தால்தான் வாசிக்கவே முடியும். அவெஸ்தாவின் பழைய உரைகளோ அதில்தான் இருக்கின்றன.

தாலா 1905-இல் நியூயார்க் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏ. வி. வில்லியம்ஸ் ஜாக்சனிடம் படித்தார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நியாயிஷ் துதிகளை: ஞாயிறு, திங்கள், நீர், தீ ஆகியவற்றைப் போற்றுபவை. அவெஸ்தா மூலத்தோடு பஹ்லவி, சமஸ்கிருத, பாரசீக, குஜராத்தி வடிவங்களையும் சேர்த்து 1908-இல் பதிப்பித்தார். பிள்ளைப் பருவம் முதல் வாயில் புரண்ட துதிகளையே ஐந்து மொழிகளில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஜூன் 9

நியூயார்க் போகும்போது தாலா வைதிகர், திரும்பும்போது சீர்திருத்தக்காரர். ஆனாலும் 1909-இல் கராச்சிப் பார்சிகள் அவரைத் தலைமைக் குருவாக்கினார்கள். 1956-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இடையில்தான் 1938-இல் ஜொராஸ்திரிய சமய வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

தன் அறிவு முழுதாக ஒப்பாத சடங்குகளையும் சமூகத்துக்காக நடத்தினார். மனத்தின் இழுபறியை மறைக்காமல் எழுதியும் வைத்தார். பதவியை உதறியிருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். பெற்றோரை இழந்து வழிபாடு கேட்டு வருபவரிடம் பஹ்லவி உரையின் பாடபேதத்தைப் பேச முடியுமா? தாலா தீயின் முன்பும் நின்றார், ஏட்டின் முன்பும் உட்கார்ந்தார். விலகாமல் இருந்ததுதான் சரி என்பேன்.