கழுகுகள் வட்டமிடும் திராட்சை மலை

மலாக்காவுக்குச் சுற்றுலா போனவர்கள் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் பழைய கோட்டை வாசலைப் பார்த்திருப்பீர்கள். 1511ஆம் ஆண்டில் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது அதுதான். கடல் கடந்து வந்து ஊர் பிடித்தவர்கள் என்று அவர்களைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர்களின் தாய்நாட்டிலும் மலைச்சரிவில் கூலிக்குக் கல்லுடைத்தவர்கள், கூடை சுமந்தவர்கள் உண்டு. அந்தக் கதை நம் பாடப் புத்தகத்தில் இல்லை.

என் அக்காள் மகன் போர்த்துக்கல் நாட்டில் போர்ட்டோ நகரில் வேலை செய்கிறான். "ஒரு முறை வந்து பாருங்கள் மாமா" என்று பல நாளாக அழைத்துக்கொண்டிருந்தான். நடுவாண்டுப் பள்ளி விடுமுறையில் போய்வந்தேன். நகரத்து மாளிகைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. டோரு என்னும் ஆற்றையும், அதன் கரைத் தோட்டங்களையும், அங்கே பறக்கும் கழுகுகளையும் பற்றியே நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

படிக்கட்டு மலைகள்

டோரு ஆறு ஸ்பெயின் நாட்டு மலையில் பிறந்து, ஏறத்தாழ 900 கிலோமீட்டர் ஓடி, போர்ட்டோ அருகே அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. போர்ட்டோவில் ரயிலேறினால் பொசின்யோ என்னும் கடைசி நிலையம் வரை ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். பாதி வழிக்கு மேல் ரயில் ஆற்றங்கரையை ஒட்டியே போகிறது. இரு பக்கமும் மலை. மலை முழுவதும் படிகள். ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடிகள் நிரை பிடித்து நிற்கின்றன. மேட்டுக்காட்டில் பால்மரம் நடுவதற்கு நம் ஆட்கள் வெட்டிய படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் வெட்டியது மண். அவர்கள் உடைத்தது கல்.

அங்குள்ள நிலம் பலகை பலகையாகப் பிளக்கும் பாறை. அதைக் கடப்பாரையாலும் வெடிமருந்தாலும் உடைத்துத்தான் கொடிக்கு மண் உண்டாக்கினார்கள். மிஞ்சிய கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கொடியின் வேர் பாறை இடுக்குகளில் ஈரம் தேடி ஆழமாக இறங்குகிறது. கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். "ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்பது அந்த வட்டாரத்துப் பழமொழி.

சுவர் அடுக்கியவர்களில் பலர், எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் கலீசியா பகுதியிலிருந்து பிழைக்க வந்த கூலிகள். 1756ஆம் ஆண்டில், பின்னாளில் போம்பால் பிரபு என்று பெயர் பெற்ற அமைச்சர், இந்தத் திராட்சை வட்டாரத்துக்கு எல்லை வகுக்கச் செய்தார். எல்லையில் கருங்கற்கள் நாட்டப்பட்டன. அமைச்சரின் பெயரைச் சரித்திரம் சொல்கிறது. சுவர் அடுக்கியவர்களின் பெயரைச் சொல்லவில்லை. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வட்டாரத்தை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தபோது, பெருமை சேர்ந்தது அந்தப் பெயர் தெரியாத கைகளுக்குத்தான்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி, வேரைத் தாக்கிக் கொடிகளை அழித்தது. பிறகு அமெரிக்கக் கொடியின் அடியில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித் தப்பித்தார்கள். பால்மரக் கன்றுக்கு ஒட்டுக்கட்டிப் பழகியவர்களுக்கு இது நன்றாகவே புரியும். அன்று கைவிடப்பட்ட படிகள் சில, இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன.

வழியில் பின்யாவ் என்றொரு சிறிய நிலையம். அதன் சுவரில் நீல வண்ண ஓடுகளில் திராட்சை அறுவடைக் காட்சிகளைத் தீட்டியிருக்கிறார்கள். பெண்கள் பறிக்கிறார்கள், ஆண்கள் பெருங்கூடையை முதுகில் ஏற்றிச் சரிவில் இறங்குகிறார்கள். பறித்த பழத்தைக் கல்தொட்டியில் கொட்டி, தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். சில தோட்டங்களில் இன்றும் அப்படித்தான். அதிலிருந்து வருவதே 'போர்ட்' என்னும் இனிப்பு மது. குடியால் கெட்ட குடும்பங்களை நம் லயன்களில் கண்ணால் கண்டவன் நான். ஆகவே மதுவின் பெருமை பாட வரவில்லை. அதன் பின்னால் இருக்கும் உழைப்பைத்தான் சொல்கிறேன்.

அடங்கிய ஆறு

பழைய நாளில் மதுப் பீப்பாய்களைப் படகிலேற்றி ஆற்று வழியே கொண்டுபோனார்கள். வலேய்ரா என்னுமிடத்தில் ஆறு பாறைகளுக்கிடையே சீறிப் பாயும். 1861இல், இந்த ஆற்றுக்கு வரைபடம் தீட்டிய ஃபாரஸ்டர் என்ற ஆங்கில வணிகர் அங்கே படகு கவிழ்ந்து மூழ்கிப்போனார். கூட வந்த அந்தோனியா ஃபெரேரா என்ற தோட்டச் சொந்தக்கார அம்மையார் பிழைத்துக்கொண்டார். அம்மையாரின் அகன்ற பாவாடை அவரை மிதக்க வைத்ததாம். வணிகரின் இடுப்பிலிருந்த பணப்பை அவரைக் கீழே இழுத்ததாம். ஊரார் இப்படிக் கதை சொல்கிறார்கள். இன்று அணைகள் குறுக்கே நிற்பதால் ஆறு குளம்போல் அடங்கிக் கிடக்கிறது.

கழுகின் முதுகு

பொசின்யோவிலிருந்து காரில் கிழக்கே போனோம். அங்கே டோரு ஆறு, 100 கிலோமீட்டருக்கு மேல் போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் எல்லையாக ஓடுகிறது. இரு கரையும் செங்குத்துப் பாறை. சில இடங்களில் 200 மீட்டருக்கும் மேல் உயரம். போர்த்துக்கல் 1998இலும் ஸ்பெயின் 2002இலும் தத்தம் கரையை இயற்கைப் பூங்காவாக அறிவித்தன.

பெனடோ டுராவ் என்னும் பாறை உச்சியில் நின்றோம். "மேலே பார்க்காதீர்கள் மாமா, கீழே பாருங்கள்" என்றான் மருமகன். குனிந்து பார்த்தேன். எங்கள் காலடிக்குக் கீழே கழுகுகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன! அண்ணாந்து கழுகின் வயிற்றையே பார்த்துப் பழகிய எனக்கு, அதன் முதுகைப் பார்ப்பது புதுமையாக இருந்தது. சிறகை விரித்தால் இரண்டரை மீட்டர் அகலம் இருக்கும். சிறகை அடிப்பதே இல்லை. வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் ஏறிக்கொண்டு மிதக்கின்றன. இவை பிணந்தின்னிக் கழுகுகள், வேட்டையாடுவதில்லை. செத்த ஆட்டையும் மாட்டையும் தின்று மலையைச் சுத்தம் செய்கின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்.

அவற்றுக்கிடையே வெள்ளை உடலும் மஞ்சள் முகமுமாக ஒரு சிறிய கழுகு வந்தது. செங்கற்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டு போகும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே இனம்! குன்றத்துக்குக் கழுகுகள் வருவது 1990களில் நின்றுவிட்டது. டோருவுக்கு இன்றும் வருகின்றன. இளவேனிலில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குஞ்சு பொரித்து, செப்டம்பர் வாக்கில் திரும்புகின்றன. போர்த்துக்கல் பூங்காவின் சின்னமே இந்தப் பறவைதான்.

ஆள் இருந்தால்தான்

கீழே இறங்கும் வழியில் ஒரு முதியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கழுகுகளைப் பற்றிக் கேட்டேன். மருமகன் மொழிபெயர்த்தான். "ஆடு இருந்தால் கழுகு இருக்கும் ஐயா. ஆள் இருந்தால்தான் ஆடு இருக்கும். எங்கள் ஊரில் இப்போது ஆள் எங்கே?" என்றார். இளையவர்கள் வேலை தேடி வெளிநாட்டுக்கும் நகரத்துக்கும் போய்விட்டார்களாம்.

அவர் சொன்னதற்குச் சாட்சி வழியெல்லாம் இருந்தது. அந்த வட்டாரத்தில் குதிரை லாட வடிவில் வெள்ளையடித்த புறா மாடங்களைக் காணலாம். புறா எச்சம் நிலத்துக்கு உரம். குஞ்சு வீட்டுக்குக் கறி. பாறையில் வாழும் ஒரு வகை வேட்டைக் கழுகுக்கும் புறாவே இரை. மக்கள் போனதும் மாடங்கள் இடிந்தன. கழுகுக்கும் இரை குறைந்தது. இப்போது அந்த மாடங்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்க்கிறார்கள்.

சட்டமும் கழுகைப் பட்டினி போட்டதுண்டு. மாட்டுப் பைத்திய நோய்க்குப் பயந்து, செத்த கால்நடையைக் காட்டில் விடக்கூடாதென்று 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விதி வந்தது. பிணந்தின்னிக் கழுகுகள் உணவின்றித் தவித்தன. சில ஆண்டுகள் கழித்து விதியைத் தளர்த்தினார்கள். இந்தியாவில் நடந்தது இன்னும் கொடுமை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலி மருந்து, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. 2006இல்தான் கால்நடைக்கு அம்மருந்தைத் தருவதைத் தடுத்தார்கள். எலியைப் பிடிக்கச் செம்பனைக் காட்டில் ஆந்தைக் கூண்டு வைக்கும் நாம் இதை நினைவில் கொள்ள வேண்டும். எலி மருந்தைத் தின்ற எலி, அதைப் பிடிக்கும் ஆந்தைக்கும் நஞ்சாகலாம்.

ஓர் ஊரில் பூட்டிய பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தேன். 21 பிள்ளைகளுக்குக் குறைவான தொடக்கப் பள்ளிகளை மூடுவதென்று அந்நாட்டு அரசு 2010இல் முடிவெடுத்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கரும்பலகை இருந்தது, மேசைகள் இல்லை. என் பள்ளியிலும் காலையில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். அந்தக் கதவருகே வெகுநேரம் நின்றேன்.

தோட்டத்தை விட்டுப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும். நல்ல வேலை கிடைக்கும் இடத்துக்குப் போகத்தான் வேண்டும். பால்மரக்காடு செம்பனைக்காடாகி, செம்பனைக்காடு வீட்டு மனையாகிறது, லயன்களும் இடிபடுகின்றன. ஆனால் டோருவில் சுவர் அடுக்கியவர்களைப்போல நம் தாத்தா பாட்டிமாரும் பெயரில்லாமல் போக வேண்டுமா?

பெற்றோர்களே, இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் வந்தார், எந்தக் காட்டை வெட்டினார், எந்த நிரையில் பால் வெட்டினார், அவருடன் பிரட்டுக்கு நின்றவர்கள் யார் யார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்போது அந்தக் காட்டில் என்னென்ன பறவை கூவியது என்பதையும் சேர்த்து எழுதட்டும். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.