ஆழமும் அன்பும்

கரீபியன் கடலிலுள்ள கிரெனடாத் தீவில் முக்குளிக்க நாம் எண்ணினால், புயற்காலமான ஜூன் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களைத் தவிர்த்தல் நலம். ஆங்கே நம் உள்ளத்தை ஈர்ப்பது ‘பியான்கா சி’ என்னும் இத்தாலியக் கப்பல். 1961 அக்டோபரில் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்தருகே அது தீப்பற்றியபோது, தீவின் மக்கள் தம் படகுகளில் விரைந்து, ஏறத்தாழ 700 பேரைக் கரைசேர்த்து, தம் இல்லங்களில் இடமளித்தனர். நன்றிக் கடனாகக் கப்பல் நிறுவனம் வழங்கிய, கரங்களை உயர்த்திய கிறிஸ்துவின் திருவுருவம் துறைமுகக் கரையில் நிற்கிறது.

மூழ்கிய கப்பலோ ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. புதிதாகப் பயின்றோர்க்கு 18 மீட்டரே எல்லை. கரையேறிய பின் ஒரு நாள் கழியாமல் விமானமேறலும் ஆகாது. கடலில் உயிர்காப்பது துணிவினும் தாழ்ச்சியே. ஆழம் காணவியலாதோர் வருந்தவேண்டா. அந்நியரைத் தம்மவராய் ஏற்ற அன்பின் ஆழத்தை, அத்திருவுருவத்தின் அடியில் நின்றே நாம் காணலாம்.