பரிசல் சுத்துன சுத்துல...

கோவா பிளான் போட்டு, அதுக்கு வாட்ஸ்அப்ல தனி குரூப்பும் ஆரம்பிச்சு, கடைசியில காலேஜ் வாசல் டீக்கடையைத் தாண்டாத கேங் எத்தனை? கையைத் தூக்குங்க பார்ப்போம். நாங்களும் அதே ரகம்தான்!

போன லீவுக்கு முன்னாடி ஒருநாள், ஹாஸ்டல் மொட்டை மாடியில எங்க நாகர்கோவில்காரன் ஒரு வீடியோ காட்டினான். இத்தாலியில சான் ஃப்ருத்துவோசோன்னு ஒரு குட்டி இடம். ரோடே கிடையாது. மலையேறி நடக்கணும், இல்லாட்டி படகுல போகணும். மலை ரெண்டும் கைகோத்த மாதிரி நிக்க, நடுவுல கொஞ்சூண்டு கடல். குளிக்கிறாங்க, கரையேறி மீன் சாப்பிடுறாங்க, மறுபடி குளிக்கிறாங்க. பயபுள்ள ஏக்கத்துல பெருமூச்சு விட்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "படகு, மீன், குளியல், மலை... எல்லாம் எங்க ஊர்லயே இருக்குடா. பாஸ்போர்ட்தான் வேணாம்"னு வாயைக் கொடுத்துட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு பேரும் தருமபுரி பஸ்ஸில்!

எங்க வீடு பாலக்கோடு பக்கம். அம்மா சுட்டுப் போட்ட தோசைகளை எண்ணாம உள்ள தள்ளிட்டு, தருமபுரி போய் அங்கிருந்து ஒகேனக்கல் பஸ் பிடிச்சோம். நாற்பத்தாறு கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினதும் காடும் வளைவுமா ரோடு இறங்கும்போது, மதுரைக்காரனுக்கு அந்தத் தோசைகள் மேல வர ஆரம்பிச்சது தனிக்கதை. கன்னடத்துல 'ஹொகே'ன்னா புகை, 'கல்' நமக்கும் கல்தான். புகையுற கல். அருவி விழுற இடத்துல எழும்புற சாரலைப் பார்த்தா, பேர் வெச்ச ஆளுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்னு தோணும்.

முதல்ல மீன் கடை. கட்லா ஒண்ணு வாங்கி, சமைச்சுத் தர்ற அக்கா ஒருத்தங்ககிட்ட கொடுத்தோம். "பாதி வறுவல், பாதி குழம்பு, களி கிண்டட்டுமா கண்ணு?"ன்னாங்க. சாப்பாட்டுத் தூக்கு, லைஃப் ஜாக்கெட், நாங்க நாலு பேர், எல்லாரும் ஒரே பரிசல்ல.

பரிசலைப் பத்திச் சொல்லியே ஆகணும். மூங்கில்ல பின்னின பெரிய கூடை, அவ்வளவுதான். அந்தக் காலத்துல அடியில மாட்டுத்தோல் கட்டுவாங்களாம். இப்போ பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. படகுக்கு அடியில நேரா வெட்டிக்கிட்டுப் போற முதுகெலும்பு மாதிரி ஒண்ணு இருக்குமே, அதுவும் இல்லை. ஒரு பக்கமாத் துடுப்பு போட்டா நின்ன இடத்துலயே சுத்தும். அதனால பரிசல்காரர் முன்பக்கம் உக்காந்து தண்ணியைத் தன் பக்கமா இழுத்து இழுத்துப் போறார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சிருக்கிற எனக்கே புரிஞ்சது. எங்க டாப்பர் இதுக்கு ஒரு ஃபார்முலா சொன்னான். யாரும் கேக்கலை.

ரெண்டு பக்கமும் செங்குத்தாப் பாறை. தலைக்கு மேல நீளமா ஒரு கீத்து வானம். ஒரு கரை தமிழ்நாடு, எதிர்க்கரை கர்நாடகா. அருவிச் சத்தம் பின்னாடி போகப்போக, துடுப்புச் சத்தம் மட்டும். நாகர்கோவில்காரன் சட்டையைக் கழட்டிட்டான். "அண்ணே, நான் கடல்லயே நீந்துறவன். இங்க குதிக்கட்டுமா?"

"கடல் வேற, இது வேற தம்பி. மேல பாத்தா தூங்குற மாதிரி இருக்கும். கீழ பாறை குடைஞ்சு கெடக்கும், சுழி இழுத்துக்கும். மணல்திட்டு வரட்டும், நானே எறக்கி விடுறேன்."

மறுபேச்சு பேசலை பையன்.

மணல்திட்டுல இடுப்பளவு தண்ணியில ஒரு மணி நேரம் எருமை மாதிரி ஊறினோம். அப்புறம் தூக்கைத் திறந்தோம். ஈரத் தலையோட, மணல்ல சம்மணம் போட்டு, சூடு ஆறாத களியை மீன் குழம்புல முக்கி முழுங்கினா... இத்தாலிக்காரன் பாவம்ப்பா!

அப்பதான் டாப்பர் போனை நீட்டி, "டேய் பாக்கு, இதுலயாவது சிரிடா"ன்னான்.

பாக்கு. ஃபர்ஸ்ட் இயர்ல எனக்கு வெச்ச பேர். என் பல்லு முன்னாடி பழுப்பு வரிவரியா இருக்கும். பாக்கு போடுறவன்னு முடிவு பண்ணிட்டானுங்க. நானும் மறுக்கலை. ரெண்டு வருஷமா எல்லா போட்டோவுலயும் வாயை மூடிக்கிட்டே சிரிக்கிறேன், அவ்வளவுதான்.

அன்னிக்கு என்னவோ சொல்லிட்டேன். "பாக்கு இல்லடா. தண்ணி."

எங்க ஊர்ல மழை குறைச்சல், போர் தண்ணிதான் கதி. பாறைக்குள்ள ஊறின அந்தத் தண்ணியில ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராமைத் தாண்டினா ஆகாதுன்னு கணக்கு. எட்டு வயசுக்குள்ள, பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே கறை ஏறிடும். தேய்ச்சாப் போகாது. பெரியவங்களுக்கு எலும்பும் மூட்டும் போகும்; எங்க தாத்தா கடைசி வரைக்கும் முதுகை நிமிர்த்தலை.

யாரும் பேசலை. பரிசல்காரர்தான் பீடியை எடுத்துட்டு, "இங்க பாருங்க"ன்னு சிரிச்சுக் காட்டினார். அதே வரி!

"அண்ணே, நீங்க ஆத்துலயே கெடக்குறீங்களே?"

"பொழப்புதான் ஆத்துல. வீடு பென்னாகரத்துக்கு மேல. நாள் பூரா காவேரியில துடுப்பு போட்டுட்டு, சாயங்காலம் போய்ப் போர் தண்ணியத்தான் குடிச்சோம்."

இந்த ஆத்துத் தண்ணியைக் குழாயில ஏத்தி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுபோக, ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டாங்க. 2008-ல அடிக்கல், 2013-ல திறப்பு. எனக்கு அப்போ எட்டு வயசு. பஸ் பிடிச்சு, ஸ்டாப்புக்கு ஓடி வந்து, கதவுல கை வெக்கும்போது வண்டி கிளம்புமே, அப்படி! அந்த வருஷம் பொறந்த என் தங்கச்சிக்குப் பல்லு பளீர். கழுதை, காரணமே இல்லாம சிரிச்சுக்கிட்டுத் திரியும்.

"ஏன்டா முன்னாடியே சொல்லலை?"ன்னான் மதுரைக்காரன். பதில் தெரியலை. மிச்ச வறுவலை என் பக்கம் தள்ளினான்.

திரும்பும்போது பரிசல்காரர், "பிடிச்சுக்கங்க சாமி"ன்னு சொன்னது மட்டும்தான் காதுல விழுந்தது. துடுப்பை ஒரு பக்கம் போட்டு விட்டார் ஒரு சுத்து! பாறை, வானம், டாப்பர், பாறை, வானம், டாப்பர்... தொண்டை கிழியக் கத்தினேன். எவன் போட்டோ எடுத்தான்னே தெரியலை. பஸ்ஸில் வந்து பார்த்தா, குரூப்ல வந்து விழுந்திருக்கு. காது வரைக்கும் வாய், முப்பத்திரண்டும் வெளியே.

இப்போ அதுதான் குரூப் டிபி. கோவா குரூப்போட பேரும் 'கட்லா பாய்ஸ்'னு மாறியாச்சு. தங்கச்சிக்கு அனுப்பினேன். "அண்ணா, உன் வாய் இவ்ளோ பெருசா?"ன்னு கேட்டுட்டு, அடுத்த தடவை தன்னையும் பரிசல்ல கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தைக்கால்ல நிக்குது.